பாட்டியின் போனில் யூடியூபை மட்டும் பூட்ட வழி இருக்கிறதா?

மகனுக்கு நாலு வயது. மூன்று மாதமாக போன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. பிடுங்கினால் தரையில் உருண்டு அழுகிறான், தூங்க இரவு பதினொன்று ஆகிறது. இந்த வயதுக்கு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. இவன் நாலு மணி நேரம் பார்க்கிறான்.

டேப்லெட்டில் ஃபேமிலி லிங்க் (பிள்ளைகளின் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுள் ஆப்) போட்டேன், சரியாக வேலை செய்கிறது. டிவிக்கும் பின் நம்பர் வைத்தாயிற்று. சிக்கல் அம்மாவின், அதாவது அவன் பாட்டியின் போன்தான் (சாம்சங் ஏ14). பேட்டர்ன் மாற்றினேன், இரண்டே நாளில் பார்த்துக் கற்றுக்கொண்டான். யூடியூபுக்கு அரை மணி டைமர் வைத்தால் அதை அவனே தீர்த்துவிடுகிறான், அப்புறம் அம்மாவால் சாயங்காலம் பிரவசனம் கேட்க முடிவதில்லை. நாங்கள் வேலைக்குப் போனால் பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்வது அம்மாதான். கடுமையாகச் சொல்ல மனம் வரவில்லை.

அம்மாவுக்குத் தடையில்லாமல், அவன் கையில் இருக்கும்போது மட்டும் யூடியூப் திறக்காதபடி அந்த போனில் எப்படி அமைப்பது?