கடன் கொப்பி ஆப்: முதல் வடிவத்தில எதை வைக்கிறது, எப்பிடிச் சோதிக்கிறது?

நல்லூரான்:
பலசரக்குக் கடைகளில கடன் எழுதுற கொப்பிக்குப் பதிலா ஒரு ஆப் செய்ய யோசிக்கிறன். முதலாளி கடனைப் பதிய, வாடிக்கையாளருக்கு மீதி எவ்வளவு எண்டு எஸ்எம்எஸ் போகும். லொகின், ஸ்டொக், மாதாந்த அறிக்கை எல்லாம் பட்டியலில இருக்கு. எம்விபிக்கு (சோதிச்சுப் பாக்கக் காணுமான ஆகச் சின்ன முதல் வடிவம்) இதில எது கட்டாயம்? எத்தினை கடையில, எவ்வளவு காலம் சோதிச்சாக் காணும்?

கோண்டாவில் தேவ்:
அந்த மூண்டையும் இப்போதைக்கு விடுங்கோ. முதல் ரெண்டு கிழமைக்குக் கோட் ஒரு வரியும் வேண்டாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில மூண்டு கடை, சுன்னாகத்தில ரெண்டு கடை பிடியுங்கோ. திருநெல்வேலியில கம்பஸ் (பல்கலைக்கழகம்) பக்கம் அறை எடுத்திருக்கிற பெடியளின்ர கடனும், சுன்னாகத்தில தோட்டக்காரர் விளைச்சலை வித்துக் கட்டுற கடனும் ஒரே மாதிரி ஓடாது. முதலாளி கடை பூட்டேக்க அண்டைய பக்கங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில அனுப்பட்டும். நீங்கள் கூகுள் ஷீட்டில அடிச்சு, மீதியை உங்கட ஃபோனிலயிருந்தே அனுப்புங்கோ. 1999இல சப்போஸ் எண்ட இணையச் சப்பாத்துக் கடையைத் தொடங்கினவரும் கடைகளில இருந்த சப்பாத்துகளைப் படமெடுத்து இணையத்தில போட்டு, ஓடர் வந்த பிறகுதான் கடையில வாங்கி அனுப்பினவர்.

தொடங்க முதலே இலக்கை எழுதி வையுங்கோ: ரெண்டாம் கிழமை, ஞாபகப்படுத்தாமலே அஞ்சு கடையில மூண்டு படம் அனுப்பவேணும். பிறகு எழுதினா வந்த முடிவுக்கு ஏத்த மாதிரி இலக்கை வளைச்சுப் போடுவம்.

ஷீட்டில ஃபோன் நம்பர் நிரலை வெறும் எழுத்து வடிவத்துக்கு மாத்துங்கோ, இல்லாட்டி 077இன்ர முன் சைபர் பறந்திடும். பழைய பட்டியல் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில இருந்தா யூனிகோட்டுக்கு மாத்திப்போட்டு ஒட்டுங்கோ.

வலிகாமம்:
தேவ் சொன்னது சரி, ஆனா நீங்கள் இருந்து அடிச்சா, சனம் நிக்கேக்க முதலாளி தானே அடிப்பாரோ எண்ட கேள்விக்கு விடை வராது. இந்த ஆப் விழுந்தா அங்கதான் விழும். மூண்டாம் கிழமை ஒரேயொரு வலைப்பக்கம் குடுங்கோ: எண், தொகை, 'கடன்', 'கட்டினது' எண்டு ரெண்டு பட்டன். பெயர் அடிக்க விடாதேங்கோ. தமிழ் விசைப்பலகை பழகாதவைக்கு அதிலயே நேரம் போயிடும். கொப்பியில ஆளுக்கொரு பக்கம் இருக்கிற கடையெண்டா அந்தப் பக்க எண்தான் வாடிக்கையாளர் எண். அதை அடிச்ச உடன பெயர் பெரிசாத் தெரியவேணும், அப்பதான் 46க்குப் பதிலா 64 அடிச்சது பிடிபடும். பின்னேரம் 6 மணிக்குப் பிறகு கடையில நிண்டு, கொப்பியில எழுத எத்தினை செக்கன், ஃபோனில எத்தினை எண்டு அளவுங்கோ. ஃபோன் ரெண்டு மடங்கு எடுத்தா அவர் கொப்பிக்குத் திரும்பிடுவார். சோதனை முடியுமட்டும் கொப்பியை நிப்பாட்ட வேண்டாம். இரவில ரெண்டின்ர கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கோ.

சிக்னல் விழுந்தாலும் பதிவு ஃபோனில தங்கிப் பிறகு போகவேணும். ஒவ்வொரு பதிவுக்கும் ஃபோனிலயே தனி அடையாள எண் குடுக்காட்டி, திரும்ப அனுப்பேக்க ஒரே கடன் ரெண்டு தரம் ஏறும். பிளே ஸ்டோர் இப்ப வேண்டாம்: 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனியாள் கணக்கெண்டா, 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில இருந்தாத்தான் வெளியிட விண்ணப்பிக்கலாம்.

பண்ணைக் காத்து:
எஸ்எம்எஸ் செலவை இப்பவே பாருங்கோ. ஆங்கிலத்தில ஒண்டுக்கு 160 எழுத்து. ஒரு தமிழெழுத்து கலந்தாலே 70. அதைத் தாண்டினா செய்தி துண்டு துண்டாப் போகும், துண்டுக்கு 67. குற்று (புள்ளி), அரவு (துணைக்கால்), கொம்பு எல்லாம் தனியா எண்ணப்படும்: 'யாழ்ப்பாணம்' ஆறெழுத்து, ஆனா 11 எடுக்கும். 'உங்கள் கடன் ரூ. 2,450.' எண்டது 22தான். கடைப் பெயரும் திகதியும் சேர இடமிருக்கு. வணக்கமும் நன்றியும் சேத்து 70 தாண்டினா ரெண்டு எஸ்எம்எஸ் காசு.

முதல் செய்தியில தொகை போடாதேங்கோ. 'கடைக் கணக்கு இந்த நம்பருக்கு வரட்டோ?' எண்டு கேட்டு, ஓம் எண்டு பதில் வந்த பிறகு அனுப்புங்கோ. நம்பர் பிழைச்சா ஒருத்தரின்ர கடன் ஊருக்குத் தெரிஞ்சிடும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு இலங்கையில 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கு.

நாலாம் கிழமை முடிய 'நல்லாயிருக்கோ' எண்டு கேக்காதேங்கோ, முகத்துக்கு நேர எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். மாதம் 500 ரூபாய் எண்டு சொல்லுங்கோ. தாறவரிட்ட ஏன் எண்டு கேளுங்கோ: கடன் வெள்ளெனக் கட்டுப்படுதோ, கணக்குச் சண்டை குறைஞ்சுதோ? முதலாவதெண்டா அடுத்து நினைவூட்டல் செய்தி செய்யுங்கோ. ரெண்டாவதெண்டா வாடிக்கையாளர் தன்ர பதிவுகளைத் தானே பாக்கிற பக்கம்தான் முதலில வேணும்.