மயக்கமா, தூக்கமா, போதையா? 108-ஐக் கூப்பிட்டவர்களின் அனுபவங்கள்

கரிசல்காட்டான்

கோவில்பட்டி பேருந்து நிலையம், மார்கழி விடியற்காலை. கட்டணக் கழிப்பறைப் பக்கத்துத் தூணோரம் ஒருத்தர் சுருண்டு கிடந்தார். வேட்டி, ஒரு காலில் மட்டும் செருப்பு. இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது, அதனால் நீட்டவில்லை. டீக்கடைக்காரர் "மூணு மணியில இருந்து கிடக்காரு, சரக்கு ஓவர், விடுங்க சார்" என்றார். எனக்கு வாடை எதுவும் வரவில்லை. ஆனால் அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அதுதான் உறுத்தியது. 108-க்கு அடித்தேன். "நெஞ்சு ஏறி இறங்குதா பாருங்க சார்" என்றார் அந்தப் பெண். குனிந்து பார்த்தேன், மூச்சு இருந்தது. சட்டைப்பையில் சங்கரன்கோவிலில் ஏறிய டிக்கெட்.

வண்டி வந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள், சுகர் 38, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து மலங்க மலங்க முழித்தவர் கேட்ட முதல் கேள்வி: "எம் பை எங்க?"

பை இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை ஒரு கை கொடுக்காத ஒருவர், "இவருதான் முதல்ல தொட்டாரு" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

சத்திரம்_பஸ்ஸ்டாண்டு

எனக்கு நேர் எதிர். திருச்சி காந்தி மார்க்கெட், காலை பத்து மணி, நடைபாதையில் குப்புறப் படுத்த ஆள். தட்டினேன், அசைவில்லை. கூப்பிட்டுவிட்டேன். சைரனோடு வண்டி வந்து நின்றதும் ஆள் எழுந்து உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க வெங்காய மூட்டை இறக்கிய லோடுமேன். "நாங்க தூங்குறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா சார்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே பதில் எதிர்பார்த்துக் கேட்டார். வண்டியில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

வீடு இல்லாதவர், கூலிக்காரர் எல்லாரும் படுப்பது ரோட்டில்தான். படுத்தவனெல்லாம் நோயாளி இல்லை. அந்த வண்டி அந்த நேரத்தில் ஒரு பிரசவக் கேஸுக்குப் போயிருக்கலாம். அவசரப்பட்டு போனை எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

செவிலி_தென்காசி

சத்திரம் சார், உங்கள் கருத்தோடு சண்டை போடத்தான் வந்தேன். "அவசரப்பட்டு எடுக்காதீர்கள்" என்று எழுதினால் நாலு பேர் அதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒருத்தரைத் தாண்டிப் போவார்கள். நான் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள். "குடிச்சிருக்கான்" என்று மூணு மணி நேரம் திண்ணையில் போட்டு வைத்திருந்து, கடைசியில் கொண்டுவந்த ஒரு பெரியவர் நினைவில் இருக்கிறார். குடித்திருந்தார், உண்மைதான். விழும்போது மண்டையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. என் கதை அவ்வளவுதான்.

இனி கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தட்டுவது என்றால் விரல் நுனியால் தொடுவது இல்லை. இரண்டு தோளையும் பிடித்து நன்றாகத் தட்டி, காதருகே சத்தமாக "ஐயா, ஐயா" என்று கூப்பிட வேண்டும். லோடுமேன் என்றால் இதிலேயே எழுந்துவிடுவார், திட்டுவார், திட்டட்டும். எழவில்லை என்றால் அது தூக்கம் இல்லை, அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. 108-ஐக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் பத்து விநாடிக்குள் பாருங்கள். ஏறி இறங்கினால், முதுகுத்தண்டில் அடிபட்ட மாதிரி தெரியவில்லை என்றால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாது. எப்போதாவது ஒரு தரம் வாயைப் பிளந்து குறட்டை மாதிரி இழுப்பதை மூச்சு என்று நம்பி ஏமாறாதீர்கள். இதயம் நின்றவருக்கும் சில நிமிடம் அப்படி வரும். அப்போது நடு நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அமுக்க ஆரம்பிக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம். விலா எலும்பு உடையுமே என்று பயந்து மெதுவாகத் தடவிக் கொடுத்தால் ஒரு பயனும் இல்லை.

வாயில் சோடா ஊற்றாதீர்கள். தண்ணீரும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். நினைவில்லாதவர் விழுங்க மாட்டார், நுரையீரலுக்குள்தான் போகும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை எப்போதுதான் விடப் போகிறோமோ. வலிப்பு பெரும்பாலும் தானாக நிற்கும், சாவி வந்ததால் நின்றது என்று நினைத்துக்கொள்கிறோம். சுகர் இறங்கினால் வேர்க்கும், உளறும், தள்ளாடும், சில பேர் அடிக்கக்கூட வருவார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது அச்சு அசல் போதைதான். கரிசல்காட்டான் வேர்வையைக் கவனித்தாரே, அது பெரிய விஷயம்.

இன்னொன்று. 108 கால் சென்டர் சென்னையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் ஊர் "முருகன் கடை முக்கு" தெரியாது. மாவட்டம், தாலுகா, பெரிய அடையாளம், இந்த வரிசையில் சொல்லுங்கள். அவர்களாகப் போனை வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

சத்திரம்_பஸ்ஸ்டாண்டு

சரிங்க சிஸ்டர். தட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடு என்றுதான் நானும் சொல்ல வந்தேன், நீங்கள் கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்த லோடுமேன் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இல்லை.

குரோம்பேட்டை_மாலா

தட்டுங்கள், குனியுங்கள், நெஞ்சைப் பாருங்கள் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து பதினொன்றரை மணிக்குத் தனியாக நடந்து வரும் பெண்ணுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? ஆள் இல்லாத தெரு, அணைந்த விளக்கு, நடுத்தெருவில் மல்லாந்து ஓர் ஆண். நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டுதான் கூப்பிட்டேன். "பக்கத்துல போய் மூச்சு இருக்கான்னு பாருங்க மேடம்" என்று கேட்டார்கள். "முடியாதுங்க" என்றேன். அவர் ஒரு நொடி நிறுத்திவிட்டு, "சரி மேடம், அங்கயே நில்லுங்க, கண்ணுல படுற தூரத்துல இருங்க, போதும்" என்றார். அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி.

அந்தப் பக்கம் வந்த சாப்பாடு டெலிவரிப் பையன் ஒருவனைக் கை காட்டி நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு நேராகப் போய் உட்கார்ந்து பார்த்தான். "மூச்சு இருக்குக்கா. நீங்க வீட்டுக்குப் போங்க, வண்டி வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்" என்றான். நான் போகவில்லை. அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு கஸ்டமர், பிரியாணி எங்கே என்று. "வந்துட்டேன் சார், அஞ்சு நிமிஷம்" என்று ஒவ்வொரு தரமும் சொன்னான், ஒருக்களித்துப் படுக்க வைத்த அந்த ஆளின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டே.

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஆளைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. அந்தப் பையனுக்கு அன்றைக்கு எத்தனை ரூபாய் பிடித்தார்களோ, அதுதான் அரிக்கிறது. பெயர்கூடக் கேட்கவில்லை.

திண்டிவனம்_பழசு

108 எல்லாம் 2008-க்கு அப்புறம் வந்த சௌகரியம். தொண்ணூறுகளில் நெடுஞ்சாலையில் விழுந்து கிடந்தவரை நாங்களே வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, போலீசுக்குச் சொல்லியாச்சா. அப்புறம் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு ஏட்டையா எழுதினார். அப்பா பெயர், தொழில், எதற்கு அந்த வழியாக வந்தாய், வேன் உன்னுடையதா. கடைசிக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நான் இடித்தேனா என்று கேட்கிறார்! சட்டையெல்லாம் அந்த ஆளின் ரத்தம், அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

அதனால் இன்றைக்கும் என் மகனிடம் சொல்வது ஒன்றுதான். போன் பண்ணு, தள்ளி நில், கிளம்பு.

வழக்காடி

பழசு ஐயா, உங்கள் காலத்திலேயே அது தவறுதான். அடிபட்டு வருபவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் சம்பிரதாயமெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியும் அதைப் படிக்கவில்லை என்பது வேறு கதை. 2016-ல் சேவ்லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், விபத்தில் உதவுபவர்களைக் காப்பதற்காக மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளுக்கு நீதிமன்றம் கட்டாயத் தன்மை கொடுத்தது. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. உதவியவர் பெயர், முகவரி தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, சாட்சியாக வரச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்து என்றால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, ஒரு வரம்பு வரை, பணம் யார் கட்டுவது என்ற பயமும் இல்லை. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி.

ஒரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். 134ஏ வாகன விபத்துக்குத்தான். கரிசல்காட்டான் பார்த்த மாதிரி தூணோரம் சுருண்டு கிடப்பவருக்கு அந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது. ஆனால் 108-க்கு அடித்ததற்காக உங்களைக் குற்றவாளி ஆக்கும் சட்டமும் எதுவும் கிடையாது. எனக்குச் சொந்த அனுபவம் என்று பெரிதாக எதுவுமில்லை, தாம்பரத்தில் ஒருமுறை கூப்பிட்டேன், யாரும் என் பெயரைக் கேட்கவில்லை.

திண்டிவனம்_பழசு

சட்டப் புத்தகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் தம்பி. எழுதின ஏட்டையா புத்தகம் படித்துவிட்டு வரவில்லை.

கரிசல்காட்டான்

பை என்ன ஆனது என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பை டீக்கடையில் இருந்தது. "எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு நான்தான் எடுத்து உள்ள வெச்சேன்" என்று அந்த டீக்கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். ஆளை விடுங்கள் என்று சொன்ன அதே மனிதர், மூணு மணியிலிருந்து பைக்குக் காவல். பைக்குள் இன்சுலின் ஊசி இருந்தது. திறந்து பார்த்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும், ஆனால் அடுத்தவர் பையைத் திறப்பாரா? அதையும் குறை சொல்ல முடியவில்லை.

பொங்கோல்_வாசி

சிங்கப்பூரில் என் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் ஒரு பெரியவர் விழுந்துவிட்டார். 995-க்கு அழைத்தேன், அமுக்கச் சொன்னார்கள், அமுக்கிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸுக்கு முன்னால் அரைக்கால் சட்டையும் செருப்புமாக ஒரு சீன அங்கிள் மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் ஏஇடி பெட்டி, நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி. மின்தூக்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்குமே, அது. குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி, இதயம் நின்ற கேஸ் என்றால் பக்கத்தில் இருப்பவர்களின் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். நான் அதே புளோக்கில் பல காலமாக இருக்கிறேன், அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. "மூவ், மூவ்" என்று என்னைத் தள்ளிவிட்டார். எரிச்சலாகக்கூட இருந்தது.

சத்திரம்_பஸ்ஸ்டாண்டு

நல்ல விஷயம்தான் பொங்கோல். ஆனால் திருச்சியில் அந்தப் பெட்டியை எங்கே போய்த் தேடுவது? இங்கே கேள்வியே, பக்கத்தில் போவதா வேண்டாமா என்பதுதான்.

ஊத்துக்குளி_ரோடு

எல்லாரும் கூப்பிட்டதைச் சொல்கிறீர்கள். நான் அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பூர், வடமாநிலப் பையன், இருபது வயதுகூட இருக்காது, பனியன் கம்பெனி கேட்டுக்கு வெளியே நினைவில்லாமல் கிடந்தான். கேட்டில் இருந்தவர் "எங்க ஆள் இல்லை" என்றார். கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு மட்டும் இருந்தது, அட்டை இல்லை. "கூட யாராவது வர்றீங்களா?" என்று ஆம்புலன்ஸில் கேட்டார்கள். ஏறினேன். ஆஸ்பத்திரியில் "பெயர் தெரியாத ஆண், சுமார் 20" என்று எழுதினார்கள்.

மறுநாள் போய் விசாரித்தால், "நீங்க என்ன உறவு?" "உறவு இல்லைங்க, நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன்." "அப்போ சொல்ல முடியாதுங்க." அவ்வளவுதான். இருக்கிறானா, போனானா, ஊருக்குத் தகவல் போனதா, ஒன்றும் தெரியாது. அந்த வெற்றுக் கயிறுதான் ராத்திரியில் நினைவுக்கு வருகிறது.

செவிலி_தென்காசி

அவர்கள் சொன்னதில் தப்பில்லை, நோயாளி விவரத்தை வெளியாளுக்குச் சொல்லக் கூடாது. ஆனால் வேறு வழி இருக்கிறது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் புறக்காவல் நிலையம் இருக்கும். பெயர் தெரியாதவர் வந்தால் அங்கே தகவல் போகும், உறவினரைத் தேடுவதும் போலீஸ் வேலைதான். கொண்டுவந்து சேர்த்தவர் என்று சொல்லி, தேதியும் நேரமும் கொடுங்கள். விபத்துப் பதிவேட்டு எண் தெரிந்தால் இன்னும் சுலபம். அந்தக் கயிற்றில் கம்பெனி பெயர் அச்சடித்திருந்ததா?

ஊத்துக்குளி_ரோடு

இருந்தது சிஸ்டர், பாதி அழிந்துபோன எழுத்து. ஆம்புலன்ஸில் வைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போகிறேன். அந்தக் கேட்காரர் திரும்பவும் "எங்க ஆள் இல்லை" என்று சொல்வாரா பார்க்கலாம்.