செதில் ஓரத்துப் புள்ளி

பைதைப்பவர்:
பிடி அறுந்துபோன கைப்பை. "அசல் அலிகேட்டர் முதலைத்தோல், மாமியார் வைத்திருந்தது" என்று அந்த அம்மா கொடுத்துவிட்டுப் போனார். தைத்து முடித்துத் துடைக்கும்போது விளக்கு வெளிச்சம் சாய்வாக விழுந்தது. வயிற்றுச் செதில் ஒவ்வொன்றிலும், பின் ஓரத்தை ஒட்டி, ஊசி நுனியால் குத்தியது போல ஒரு புள்ளி. வரிசை தவறாமல். அலிகேட்டருக்கு அந்த உணர்வுப் புள்ளி தாடையில் மட்டும்தான். உடம்பு முழுக்க இருப்பது குரோக்கடைல் என்ற வேறு வகை முதலைக்கு. அவர் வந்ததும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அடுத்த மாதம் வெளிநாட்டிலிருக்கும் மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

கிடங்குக்காரர்:
புள்ளியைப் பார்த்ததுமே குரோக்கடைல் என்று முடிவு கட்டாதீர்கள். அப்படித்தான் ஒரு கட்டுத் தோலுக்கு நான் தப்பாகப் பெயர் எழுதினேன். அது கெய்மன், அலிகேட்டருக்கு உறவான இன்னொரு முதலை. வயிற்றுச் செதிலுக்குள் எலும்புத் தகடு இருப்பதால் பதனிட்ட பிறகு மேலெல்லாம் குழி குழியாக இருந்தது, சாயமும் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. மடக்கினால் செதில் வளையவே இல்லை, இடுக்கில்தான் மடிந்தது. அந்த விறைப்பு இன்னும் விரலில் இருக்கிறது.

பைதைப்பவர்:
என் பையில் செதிலுக்கு ஒன்றுதான், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். கெய்மன் இல்லை.

செதில்பித்து:
நான் ஏமாந்தது பாம்புத்தோல் பெல்ட்டில். ஒரு சாண் தள்ளி அதே கோணல் செதில் மறுபடியும் வந்தது, மாட்டுத்தோலில் அச்சு. எல்லாருக்கும் சொல்கிறேன், நிறத்தை நம்பவே கூடாது. வெளுத்துச் சாயம் போட்டால் மலைப்பாம்பின் கோலமே போய்விடும், செதிலின் வடிவமும் வரிசையும்தான் மிஞ்சும். நகத்தால் வாலிலிருந்து தலைப்பக்கம் வருடுங்கள், அசல் பாம்புச் செதில் பெரும்பாலும் ஓரம் தூக்கும். உடும்பு என்றால் செதிலைச் சுற்றி மணல் மணலாகச் சிறு செதில் வளையம். நடுவில் பெரிய பெரிய தகடாக ஒரே வரிசை ஓடினால் நெருப்புக்கோழிக் கால் தோலா என்றும் பாருங்கள், அதைப் பல்லித்தோல் என்பவர்கள் உண்டு.

கிடங்குக்காரர்:
அதெல்லாம் சரி. அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டப் போகிறாரே? காட்டுயிர்ப் பொருள்கள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் அமெரிக்க அலிகேட்டர் 2ஆம் பட்டியல். குரோக்கடைலில் சயாமிய முதலை போன்றவை 1ஆம் பட்டியல், கெடுபிடி அதிகம். இனம் தெரியாமல் எடுத்துப் போக வேண்டாம் என்று சொன்னீர்களா?

பைதைப்பவர்:
இல்லை. அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது. அவருடைய தொலைபேசி எண்ணைக்கூட வாங்கி வைக்கவில்லை.