ஜாவா கிராமத்தில் மனைவி பெயரில் நிலம் வாங்க முடியவில்லை, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மத்திய ஜாவாவில், தெமாங்குங் பக்கம், சும்பிங் மலைச்சரிவில் மனைவியின் ஊரில் குடியிருக்கிறோம். அவர் இந்தோனேசியர், நான் இந்தியக் குடிமகன். எங்கள் திருமணம் 2018இல் மதுரையில் பதிவானது. இங்கே அரை ஏக்கர் காப்பித் தோட்டம் விலைக்கு வருகிறது. நல்ல மண், மேலே ஊற்றுத் தண்ணீரும் உண்டு. விட மனசில்லை.

நிலத்துக்குச் சான்றிதழ் கிடையாது. கிராம அலுவலகத்தின் ‘லெட்டர் சி’ பேரேட்டில், ஓரம் கிழிந்த பக்கத்தில், விற்பவரின் இறந்துபோன அப்பா பெயர் மட்டும் இருக்கிறது. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அது சரி. சிக்கல் எங்கள் பக்கம்தான். 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு ‘ஹக் மிலிக்’ எனும் முழுச் சொந்த உரிமை இல்லை. கணவன் மனைவி சொத்தைப் பிரித்து ஒப்பந்தம் எழுதாததால் அவர் வாங்குவதில் எனக்கும் பங்கு வந்துவிடும், அதனால் மனைவி பெயரிலும் முடியாது என்கிறார் பத்திரம் எழுதுபவர். வேறு ஊரில் கேட்டோம், அதே பதில்.

திருமணத்துக்குப் பிறகும் ஒப்பந்தம் எழுதலாம் என்று 2016இல் இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டரி எழுதித் தரத் தயார். ஆனால் குடிமைப் பதிவு அலுவலகத்தில், வெளிநாட்டில் நடந்த திருமணம் என்று சொல்லி அதைப் பதிய மறுக்கிறார்கள். திருமணத்தை இங்கே அறிவித்ததற்கான சான்று எங்களிடம் இருக்கிறது. அதைக் காட்டியும் பலனில்லை. பினாமியாக வாங்கச் சிலர் சொன்னார்கள். சட்டப்படி செல்லாது, அதனால் வேண்டாம் என்றுவிட்டோம்.

இந்தியாவில் திருமணம் பதிவான யாராவது இந்த ஒப்பந்தத்தை இந்தோனேசியாவில் பதிவு செய்திருக்கிறீர்களா, எந்த அலுவலகத்தில், என்னென்ன காகிதம் கொடுத்து?