சேலத்திலிருந்து காரில்: காட்டு விலங்கும் கடலும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

அம்மாப்பேட்டை தறிக்காரன்:

வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு நான்கு நாள் காரில் கிளம்பலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரி, பிள்ளைகள் இரண்டு பேர், மாமனார். பெரியவளுக்கு மிருகம் பார்க்க வேண்டும். குரும்பப்பட்டி பூங்காவில் இருப்பதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டாள், "இனிமே கம்பி இல்லாம பாக்கணும்ப்பா" என்கிறாள். சின்னவனுக்குக் கடல், அது போதும். மாமனாருக்கு நேரத்துக்குச் சாப்பாடு, முட்டிவலிக்குக் கொஞ்சம் ஓய்வு.

சத்தியமங்கலம், திம்பம், பந்திப்பூர் வழியாக மசினகுடி போய்த் தங்கிவிட்டு, அப்புறம் கூடலூர், நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு இறங்குவதாக யோசித்து வைத்திருக்கிறேன். பழைய ஸ்விஃப்ட். நான் ஒருத்தன்தான் ஓட்டுவேன். இது ஒத்துவருமா? வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு ஆசாமி:

ரோடெல்லாம் நல்ல ரோடுதான். ஆனால் நேரம் உங்கள் கையில் இருக்காது. திம்பம் மலைப்பாதையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். பந்திப்பூர்க் காட்டுக்குள்ளும் அதே நேரம்தான், 2009-லிருந்தே அப்படி. பகலில் போனாலும் 27 கொண்டை ஊசி வளைவு, முன்னால் ஒரு கரும்பு லாரி மாட்டினால் முடிந்தது. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேறு எடுக்கணும். பொங்கல் கூட்டத்தில் மசினகுடியில் ரூம் என்ன விலை சொல்வார்கள் என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.

ஏற்காட்டு டாக்ஸி:

தம்பி, நான் ஏற்காட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறவன். முதுமலை சவாரியும் என் பிழைப்பில் சேர்த்திதான், அதனால் அந்தக் காட்டை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரே ஆள் ஓட்டி, திம்பம் ஏறி, நாடுகாணி இறங்கி, கோழிக்கோட்டிலிருந்து பாலக்காடு சுற்றி வீடு திரும்பினால், நாலு நாளில் அதிகம் பார்த்தது லாரியின் பின்பக்கமாகத்தான் இருக்கும். மிருகம் பார்ப்பது உட்கார்ந்து பார்க்கிற வேலை. இங்கே ஏற்காட்டிலேயே பார்க்கிறேனே, ரோட்டோரம் காட்டெருமை நின்றால் போதும், கார்க் கதவைத் திறந்துகொண்டு செல்போனோடு ஓடுகிறார்கள். அது திரும்பி ஒரு மூச்சு விட்டால்தான் புத்தி வருகிறது.

நான் சொல்வது கோடியக்கரை. அங்கே காடும் கடலும் ஒரே ஊர்.

சீலநாயக்கன்பட்டியில் விடியக்காலை ஐந்துக்கு வண்டியைத் திருப்புங்கள். நாமக்கல், தொட்டியம், முசிறி, திருச்சி. தொட்டியம் தாண்டினால் ஒரு பக்கம் வாழைத்தோப்பு, ஒரு பக்கம் காவிரி. மேட்டூரில் திறந்துவிட்ட நம்ம தண்ணீர்தான் கூடவே வரும். தஞ்சாவூரில் சாப்பிட்டுவிட்டு மன்னார்குடி ரோட்டைப் பிடித்தால் வழியிலேயே வடுவூர் ஏரி. பறவைகள் சரணாலயம், 2022-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். பெரியவரை அங்கே கொஞ்சம் இறக்கிக் காலை நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். எல்லாம் சேர்த்து 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், மலை ஏற்றமே கிடையாது. ராத்திரி வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் இருக்க வேண்டும். 1967-ல் அதை அறிவித்ததே முக்கியமாக வெளிமானுக்காகத்தான். பெட்டை மண் நிறம், கொம்பு இருக்காது. கிடா முதுகெல்லாம் கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு திருகித் திருகி மேலே போகும். பெட்டைகள் மேய்கிற இடத்தில் ஒரு கிடா தலையை அண்ணாந்து, கொம்பை முதுகோடு சாய்த்து, காதைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நடை நடக்கும் பாருங்கள், பட்டு வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று நடக்கிற கல்யாண மாப்பிள்ளை மாதிரி. ஏதாவது சத்தம் கேட்டால் முதலில் ஒன்று நேராக மேலே துள்ளும். பின்னாலேயே கூட்டம் மொத்தமும் துள்ளித் துள்ளி ஓடும். இன்ஜினை அணைத்துவிட்டுக் காரிலேயே உட்காருங்கள். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கால் மணி நேரம் இருந்தால் அதுகளே பழையபடி மேய வரும்.

இன்னொன்று. வேதாரண்யத்திலிருந்து போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாக்கிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளியது அங்கேதான். அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நம்ம நகராட்சிக்குத் தலைவராகவும் இருந்தவர். திருச்சிக்கு அப்பால் நீங்கள் காரில் ஒரே பகலில் தாண்டுகிற தூரம் அவர்களுக்கு இரண்டு வாரம். மாமனாருக்கு இது பிடிக்கும்.

அம்மாப்பேட்டை தறிக்காரன்:

அண்ணா, ரொம்ப நன்றி. மாமனாரிடம் படித்துக் காட்டினேன், ராஜாஜி பேச்சு வந்ததும் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார். பெரியவள்தான் யானையும் புலியும் இல்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். அப்புறம், அந்தக் கடலில் பிள்ளைகள் குளிக்கலாமா?

வேதாரண்யத்து மருமகன்:

வேலைக்காக சேலம் வந்தவன், பொண்ணு எடுத்தது வேதாரண்யத்தில். குளிக்கிற விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

கோடியக்கரையில் பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டாம். அது படகு வந்து போகிற கரை. வலையும் கயிறும் கிடக்கும், காலடியில் சேறு. கரையில் நடக்கலாம், விடியலில் மீன் இறக்குவதைப் பார்க்கலாம். சின்னவன் மணலில் புரள வேண்டுமென்றால் வடக்கே போங்கள். வேதாரண்யத்திலிருந்து வேளாங்கண்ணி சுமார் 40 கிலோமீட்டர், ரூம் நிறைய கிடைக்கும், ஆனால் லீவு நாளில் கூட்டம், அலையும் சும்மா இருக்காது. என்னைக் கேட்டால் காரைக்கால் கடற்கரை, அகலமான மணல். அதற்கும் மேலே தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, மாமனார் காற்று வாங்க அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் இல்லை.

கோடியக்கரையில் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க பைனாகுலர் கண்டிப்பாக வேண்டும். சதுப்பிலும் உப்பளத்துப் பக்கமும் தூரத்தில் நிற்கும், வெறுங்கண்ணுக்கு இளஞ்சிவப்பாக ஒரு கோடுதான். கடன் வாங்கியாவது கொண்டு போங்கள். ராமர் பாதம் மேட்டில் ஏறினால் சுற்றிலும் நன்றாகத் தெரியும். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருக்கும், படம் எடுக்கிறேன் என்று தார் ரோட்டை விட்டு சேற்றில் வண்டியை இறக்கிவிடாதீர்கள்.

பழைய போட்டோக்களை நம்பி அடர்ந்த காட்டை எதிர்பார்க்க வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தது வேதாரண்யம் பக்கம்தான். பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன, மான்களும் செத்துப்போயின. என் மாமியார் வீட்டுத் தென்னந்தோப்பில் ஒரு மரம் மிச்சமில்லை. காடு மெல்லத் தேறி வருகிறது.

ஏற்காட்டு டாக்ஸி:

மருமகன் சொன்னது சரி. கடலை ஊருக்குத் திரும்புகிற வழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவிடம் சொல்லுங்கள்: முதுமலையில் புலி இருப்பது உண்மை, அதை நமக்குக் காட்டுவதாக யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நான் கூட்டிப் போன ஆட்களில் அதைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெளிமான் ஏமாற்றுவது அபூர்வம். கூடவே புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, யாரும் வளர்க்காமல் காட்டிலேயே திரிகிற மட்டக்குதிரை எல்லாம் உண்டு. எதற்கும் கம்பி கிடையாது. ஜனவரியில் கடலாமை முட்டையிட வர ஆரம்பிக்கும், அது ராத்திரி நேரத்து வேலை, வனத்துறை ஆட்கள் இல்லாமல் கரைப்பக்கம் போகக் கூடாது. குஞ்சு பார்க்க பொங்கல் சரிப்படாது, பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும்.

குரங்கு ஜாஸ்தி. தட்டுவடையோ முறுக்கோ, பொட்டலத்தை ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது வந்த வழியே வரத் தேவையில்லை. தரங்கம்பாடியிலிருந்து சிதம்பரம், விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் என்று வந்துவிடலாம். ஆனால் பொங்கலை ஒட்டி கூலமேடு, தம்மம்பட்டிப் பக்கம் ஜல்லிக்கட்டு நடக்கும், அன்றைக்கு ஆத்தூரைச் சுற்றி வண்டி நகராது. எந்தத் தேதி என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அன்றைக்கே திரும்புவதாக இருந்தால் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வந்து ஏறிவிடுங்கள்.