ஸ்டாண்டர்டு ஹெரால்டு முன் சக்கர பேரிங்: மாத்தும்போது நட்டு எவ்வளவு டைட்?

தண்டையார்பேட்டை_ஹெரால்டு:
வணக்கம். வண்டி பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், மார்க் 3, முன்னாடி டிரம் பிரேக். 40 தாண்டினா வலது முன்பக்கம் உர்ருனு இரைச்சல். இடப்பக்கம் திரும்பினா கூடுது, வலப்பக்கம் திரும்பினா அடங்குது. ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினா ஆட்டமும் இருக்கு. மழைக்கு வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணியில இறங்கின வண்டி. பேரிங்தானா? வெளி பேரிங் மட்டும் மாத்தினா போதுமா? நட்டை எவ்வளவு டைட் பண்ணணும்?

பெரம்பூர்_பழசு:
இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்துல உக்காரும். அப்போ சத்தம் கூடுதுன்னா சந்தேகம் வலது பேரிங் மேலதான். ஆனா ஆட்டத்தை மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க. ஒருத்தரை பிரேக்கை அழுத்திப் புடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்க. ஆட்டம் நின்னா பேரிங். நிக்கலைன்னா சக்கரம் திரும்புற மேல் மூட்டு (பால் ஜாயின்ட்), இல்ல கீழ் மூட்டு (ட்ரனியன்).

ஹெரால்டுல பேரிங்கை விட பயப்பட வேண்டியது ட்ரனியனுக்குத்தான். அதுக்கு கிரீஸ் கிடையாது, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடிச்ச வண்டியில அது காஞ்சு இறுகி, மரைக்குள்ள எண்ணெய் போகாம, தண்ணி தங்கித் துரு புடிக்கும். கடைசியில ரெண்டு மூட்டுக்கும் நடுவுல நிக்கிற வெர்டிகல் லிங்க் முறிஞ்சு சக்கரம் மடங்கிப் படுத்துடும். சக்கரம் மாட்டுற ஹப் வெளிய வரும்போதே அதையும் பாத்துடுங்க.

பேரிங் செட்டாத்தான் மாத்தணும்: உள், வெளி ரெண்டும், கப்போட (வெளி வளையம்) கோன் (ரோலரோட இருக்குற உள் வளையம்) சேர்த்து. பழைய கப்புல விழுந்த பள்ளம் புது ரோலரை சீக்கிரமே தின்னுடும். கப்புல ஒரு நம்பர், கோன்ல வேற நம்பர் பொறிச்சிருக்கும். ரெண்டையும் குறிச்சிக்கிட்டு பாரிமுனையில பேரிங் கடையில கேளுங்க; "ஹெரால்டுக்கு இதான் சார்"ங்கிற பேச்சு வேணாம். பெட்டி மேல இருக்குற நம்பரும் உள்ள இருக்குற நம்பரும் ஒன்னான்னு அங்கேயே பிரிச்சுப் பாருங்க. ஒரு பக்கத்துக்கு ஃபெல்ட் சீல் (கிரீஸை அடைக்கிற கம்பளி வளையம்) 1, ஸ்ப்லிட் பின் (நட்டு சுத்தாம பூட்டுற பின்) 1 புதுசா வேணும். தண்ணியில இறங்கின வண்டி, அதனால இடது பக்கத்தையும் பிரிச்சுடுங்க. கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா அங்கயும் தண்ணி போயிருக்கு.

கொருக்குப்பேட்டை_லேத்:
கழட்டுறது சுலபம். பின்தட்டுல அட்ஜஸ்டரைத் தளர்த்துங்க, டிரம்மை எடுங்க, டஸ்ட் கேப், ஸ்ப்லிட் பின், நட்டு, D வாஷர் (D வடிவ ஓட்டை உள்ளது), அப்புறம் ஹப்பை இழுத்தா வெளி கோன் கையில வந்துடும். வேலை கெடுறது கப்புலதான்.

கப்பைத் தட்ட பித்தளைக் கம்பி. எதிரெதிர் இடத்துல மாத்தி மாத்தித் தட்டணும். ஒரே பக்கம் தட்டினா கோணலாகி ஹப்பைச் செதுக்கிடும். புது கப்பை ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சுட்டு, ஹப்பைக் கொஞ்சம் சூடாக்கி இறக்கினா பாதி வேலை மிச்சம். பழைய கப்பை மேல வெச்சுத் தட்டலாம். அடியில உக்கார்ந்ததும் 'டொக்' சத்தம் 'டிங்'னு மாறும். ஹப்புக்குள்ள கப்பு முட்டுற தோள்ல இடைவெளி இருக்கான்னு ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பாருங்க. உக்காராத கப்பு ஓட ஓட உள்ள இறங்கும், அப்புறம் எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணாலும் ஆட்டம் வந்துக்கிட்டே இருக்கும்.

கப்பு ஹப்புல லூசா? சென்டர் பஞ்ச்சால புள்ளி புள்ளியா அடிச்சுக் குடுப்பாங்க, ஒத்துக்காதீங்க. அந்த மேடு சீக்கிரம் தேஞ்சுடும், கப்பு நேராவும் உக்காராது. லேசான லூஸ்னா லாக்டைட் 641 பசை போதும். கை விட்டா சுத்துற அளவுன்னா ஹப்பை மாத்துங்க, புதுப்பேட்டையில தேடலாம். ஹப் சுத்துற அச்சான ஸ்டப் ஆக்ஸில்ல கோன் உக்கார்ற இடத்துல நகத்துக்குத் தட்டுற படி இருந்தா அதுவும் போச்சு.

பழைய ரோலரைக் கழுவினதும் பாருங்க. நீலம் பாரிச்சிருந்தா டைட்டா ஓடி சூடேறினது. ரோலர் இடைவெளிக்கு ஒன்னா கப்புல கறுப்புக் கோடு இருந்தா தண்ணியோட நின்ன வண்டி. ஏர் அடிச்சு பேரிங்கைச் சுத்த விட வேணாம், ரோலரைப் புடிச்சிருக்குற கூண்டு தெறிச்சா முகம் போயிடும்.

பெரம்பூர்_பழசு:
நட்டுக்கு வருவோம். இது டேப்பர் (கூம்பு) ரோலர் பேரிங், மத்த நட்டு மாதிரி முறுக்கி விடுற சமாச்சாரம் இல்ல. ஹப்பைக் கையால சுத்திக்கிட்டே ஸ்பேனர்ல மெதுவா, ரோலர் படியுற அளவுக்கு மட்டும் டைட் பண்ணுங்க. சுத்துறது முக்கியம், இல்லைன்னா ரோலர் ஓரமா நின்னு ஏமாத்தும். அப்புறம் நட்டோட ஆறு முகத்துல, ஒரு முகத்துல இருந்து ஒன்றரை முகம் வரைக்கும் பின்னால தளர்த்துங்க. 2 தௌ முதல் 8 தௌ வரை (ஒரு தௌ, அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) உள்-வெளி ஆட்டம் இருக்கணும், டயல் கேஜ் வெச்சா தெரியும். கையில துளி நடுக்கமாத் தெரியுற ஆட்டம் சரியானதுதான். அதைக் கொல்லணும்னு இறுக்கினா சூடேறி பேரிங்தான் போகும்.

கிரீஸ் லித்தியம் 2 அல்லது 3 நம்பர். உள்ளங்கையில வெச்சு கோனின் அகலமான பக்கத்தால அழுத்தி அழுத்தி, மேல் பக்கம் பிதுங்குற வரை ஏத்துங்க. ஹப் குழிக்கு மூணுல ஒரு பங்கு போதும், டஸ்ட் கேப்ல அடைக்க வேணாம். மிச்சம் சூட்டுல இளகி ஷூ மேல போய் பிரேக் வழுக்கும். ஃபெல்ட் சீலை இன்ஜின் ஆயில்ல ஊற வெச்சுப் பிழிஞ்சு போடுங்க. காய்ஞ்ச ஃபெல்ட் கரிஞ்சுடும்.

தண்டையார்பேட்டை_ஹெரால்டு:
பிரேக் மிதிச்சா ஆட்டம் நிக்குது, பேரிங்தான். ஒன்னரை முகம் தளர்த்தியும் ஸ்ப்லிட் பின் ஓட்டை நேரா வரலைன்னா?

கொருக்குப்பேட்டை_லேத்:
8 தௌவுக்குள்ள இருக்குற ஓட்டைக்குத் தளர்த்துங்க, டைட் பண்ணி நேராக்காதீங்க. அதுவும் தாண்டுதுன்னா D வாஷரைக் கண்ணாடி மேல 200 நம்பர் எமரி வெச்சு தட்டையா தேயுங்க, நட்டு நிக்கிற இடம் நகரும். வாஷரே இல்லாம மட்டும் ஓட்டாதீங்க: கோன் சுத்தினா நட்டையும் கூட இழுக்கும்.

ஓட்டிப் பாக்கும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில பிரேக் அதிகம் போடாம 10 கிலோமீட்டர் போய், வண்டி தானா நிக்கிற மாதிரி விட்டு ஹப்பைத் தொடுங்க. பிரேக் போட்டா டிரம் சூட்டையும் பேரிங் சூட்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியலைன்னா அங்கேயே பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துங்க.