வீட்டில் கழற்றிப் பூட்டிய பைக், சுற்ற மறுக்கும் எஞ்சின்: உங்கள் அனுபவம் என்ன? (இலங்கை மலையகத்திலிருந்து வந்த பதில்கள், எழுதியவரின் ஊர்ப் பெயரோடு)

தலவாக்கலை

எங்கள் பக்கம் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் யாரும் முதலில் ஸ்பெனர் பெட்டியைத் தேட மாட்டார்கள், இறக்கத்தைத்தான் தேடுவார்கள். இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்ச்சைப் பிடித்து உருட்டி, வேகம் வந்ததும் டக்கென்று விடுவது. பெட்டரி செத்த பைக்குக்கு அது நல்ல வைத்தியம்தான். ஆனால் வீட்டில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய பிறகு சுற்றாமல் நிற்கிற பைக்கை அப்படி இறக்கத்தில் விடவே கூடாது.

மச்சானின் 150 சீசீ பைக் புகை தள்ளியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்குக்கே மவுசு கூடியிருந்தது, பார்ட்ஸ் விலையும் ஏறியிருந்தது. கராஜ் கூலியையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று மச்சானே லயத்து இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உரச் சாக்கை விரித்து, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, வால்வ் வழியாக ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலை மாற்றினார். பூட்டி முடித்துக் கிக்கரை மிதித்தால் பாதியில் நின்றுவிட்டது. செல்ஃபை அழுத்தினால் ஒரே ஒரு ‘டொக்’, அவ்வளவுதான். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், “மாமா, மடுவத்து இறக்கத்துல விட்டா எடுத்துக்கும்” என்று பைக்கைப் பிடித்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு வலு குறைவு. எஞ்சின் எங்காவது இடித்தால் பெரும்பாலும் அது அங்கேயே நின்றுவிடும். இறக்கத்தில் வருகிற பைக் அப்படி இல்லை. வண்டியின் பாரமும் ஆளின் பாரமும் சேர்ந்து பின்சக்கரம் வழியாக எஞ்சினைப் பலவந்தமாகத் திருப்பும். வால்வ் வளையும், இல்லாவிட்டால் சக்கரம் இறுகி ஆள் ரோட்டில் கிடப்பார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். அப்போதுதான் உள்ளே காற்று அமுங்கும் கொம்ப்ரஷன் இல்லாமல் எஞ்சின் இலேசாகத் திரும்பும், உண்மையான தடை எது என்று கைக்குத் தெரியும். எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னட்டின் பக்க மூடியைத் திறந்து, நடு நட்டில் சொக்கட் சாவி போட்டு, எஞ்சின் ஓடுகிற திசையில் மெதுவாகத் திருப்பினேன். கொஞ்ச தூரம் வழுவழுவென்று வந்து, ‘டிங்’ என்று மெல்லிய இரும்புச் சத்தத்தோடு நின்றது. பின்னால் திருப்பிவிட்டுத் திரும்பவும் கொண்டுவந்தால் அதே இடம், அதே சத்தம். பிஸ்டன் புதிதாய் இறுக்கமாக இருந்தால் சுற்று முழுக்கக் கனக்கும். இப்படி ஒரே இடத்தில் இடித்தால் வால்வும் பிஸ்டனும் முட்டுகின்றன என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஹெட் மூடியைத் திறந்து, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும், மேக்னட்டில் உள்ள ‘டி’ அடையாளத்தைக் கேஸின் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தோம். வால்வைத் திறந்து மூட வைக்கும் கேமின் சக்கரத்தில் உள்ள அடையாளம் ஹெட்டின் விளிம்புக்கு நேரே நிற்க வேண்டும். அது பல்லுக்கணக்கில் தள்ளி நின்றது. ஹெட்டை இறக்கும்போது, கேமைக் கீழே உள்ள கிராங்கோடு (பிஸ்டன் சுற்ற வைக்கும் தண்டோடு) இணைக்கும் டைமிங் செயினைக் கம்பியால் கட்டித் தொங்கவிடாமல் விட்டதுதான் காரணம். செயின் உள்ளே விழுந்து, யாரோ கிக்கரைத் தட்டியதில் கீழே கிராங்க் மட்டும் சுற்றியிருக்கிறது. சில நேரம் அப்படி விழுந்த செயின் கீழ்ச் சக்கரத்தில் சுருண்டு சிக்கி, எஞ்சினை அசையவே விடாது. சரியாக ஏற்றி, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பூட்டி, கையாலேயே பல சுற்றுத் திருப்பினோம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம் ஒரு தரம் சுற்ற கிராங்க் இரண்டு தரம் சுற்ற வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு ‘சரி’ என்று சொல்லாதீர்கள். நல்ல வேளை, வால்வ் எதுவும் வளையவில்லை.

மஸ்கெலியா

அண்ணே, எஞ்சின் நன்றாகச் சுற்றக்கூடிய நிலையில் இருந்தும் செல்ஃப் எடுக்காமல் போவதும் உண்டு. தம்பி எஞ்சினை இறக்கிக் கேஸுக்கு அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து ஏற்றினான். கிக்கர் ஒழுங்காக இறங்கியது. செல்ஃபை அழுத்தினால் ரிலே ‘டிக் டிக்’ என்றது, மீட்டர் லைட் மங்கியது. புதுப் பெட்டரி வாங்கப் புறப்பட்டவனைக் கிளட்ச் கேபிள்தான் நிறுத்தியது. ஹேண்டிலுக்குப் பக்கத்தில் அதன் பிளாஸ்டிக் உறை இளகி, புகை வந்தது.

விஷயம் இதுதான்: பெட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கு வரும் தடித்த எர்த் வயரைப் பெயின்டுக்கு மேலேயே பூட்டிவிட்டான். செல்ஃப் மோட்டாருக்கான கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் கிளட்ச் கேபிளின் இரும்புக் கம்பி வழியாக ஓடியிருக்கிறது. பெயின்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரிகிற இடத்தில் போல்ட்டை இறுக்கினோம். முதல் அழுத்தலிலேயே எடுத்தது. பெட்டரி வாங்க எடுத்து வைத்த காசுக்குக் கேபிள் வாங்கினான். இதைச் சோதிக்கச் சுலபமான வழி, ஜம்பர் வயர் ஒன்றை மைனஸிலிருந்து நேராகப் பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்தில் பிடிப்பது. அப்போது சுற்றினால் பெட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

நுவரெலியா

இங்கே 1868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி கிடக்கும். அதனால் காலையில் பைக் எடுக்காவிட்டால் எல்லாப் பழியும் குளிரின் மேல்தான். குளிரில் ஒயில் தடிக்கும், பெட்டரி சோரும், அது உண்மை. ஆனால் குளிருக்கு எஞ்சின் கல்லாக இறுகாது.

பக்கத்து வீட்டு அண்ணன் காபரேட்டரைக் கழுவிப் பூட்டி, பெட்ரோல் டெப்பை மூடாமல் பைக்கைச் சரிவில் நிறுத்தியிருந்தார். காபரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசியில் தூசி சிக்கி, இரவெல்லாம் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது. காற்றை அமுக்கலாம், பெட்ரோலை அமுக்க முடியாது. கிக்கர் அங்கேயே நின்றது. பிளக்கைக் கழற்றி மிதித்தபோது பெட்ரோல் தாங்கியே நனையப் பீய்ச்சியது. எரிபொருள் தட்டுப்பாட்டில் கிழமைக்கு 4 லீற்றர்தான் என்று கியூஆர் காட்டி வாங்கிய 2022ஆம் ஆண்டு அது. அண்ணனுக்கு எஞ்சினைவிடக் கொட்டிய பெட்ரோல்தான் வலித்தது!

பிளக் கேப்பை எட்ட வைத்து, இக்னிஷனை ஓஃப் பண்ணிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். ஒரு பொறி போதும். அப்புறம் ஒயில் குச்சியை மோந்து பாருங்கள். பெட்ரோல் மணந்தால் அந்த ஒயிலோடு ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஹட்டன்

எனக்கு வேறு கதை. கிளட்ச் பக்கக் கவரைத் திறந்து பூட்டியதிலிருந்து செல்ஃப் மோட்டார் ‘விர்’ரென்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை. கிக்கரில் எடுக்கிறது. இதற்கும் டைமிங் பார்க்க வேண்டுமா?

தலவாக்கலை

வேண்டாம் தம்பி. கிக்கரில் எடுத்தால் எஞ்சினில் கோளாறு இல்லை. மோட்டார் சுற்றுவதால் பெட்டரி, ரிலே, எர்த் எல்லாம் சரி. நடுவில் இருக்கும், மோட்டாரின் சுற்றை ஒரே திசையில் எஞ்சினுக்குக் கொடுக்கும் வன்வே கிளட்ச்சைப் பாருங்கள். அதன் உருளையோ சின்ன ஸ்பிரிங்கோ விழுந்திருக்கலாம், தலைகீழாகப் பூட்டியிருக்கலாம். சில பைக்கில் அது மேக்னட் பக்கம் இருக்கும். அப்படியென்றால் நீங்கள் திறந்த கவரில் தேடிப் பயனில்லை. கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை என்பதால், பழைய அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.